கம்பி தொய்ஞ்சா கதை முடிஞ்சது! கண்ட்ரோல் லைன் விமானத்துக்கு எந்த எஞ்சின் சரி?

ரிமோட் கிடையாது. கையில் ஒரு கைப்பிடி, அதிலிருந்து விமானத்துக்குப் போகும் இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள். நடுவில் நிற்பவரைச் சுற்றி வட்டமடிப்பதுதான் கண்ட்ரோல் லைன் மாதிரி விமானம்.

எஞ்சின் ஏன் முக்கியம்?

கம்பி விறைப்பாக இருக்கும் வரைதான் விமானம் சொன்னபடி கேட்கும். பவர் குறைந்தால், தலைக்கு மேலே போகும்போது கம்பி தொய்ந்து விமானம் கீழே விழலாம். பவர் அதிகமானாலும் ஆபத்துதான். இழுவை தாங்காமல் கம்பி அறுந்தால், எங்கே பாயும்னு சொல்ல முடியாது. அதனால்தான் போட்டிகளில் பறக்கும் முன்பே கம்பியை இழுத்துச் சோதிப்பார்கள்.

எத்தனை சிசி?

சர்வதேசப் போட்டிகளில் ஸ்பீடு, டீம் ரேஸ், காம்பாட் பிரிவுகளுக்கு உச்சவரம்பு 2.5 சிசி. கரணம் அடிக்கும் ஸ்டன்ட் விமானங்களுக்குப் பெரிய எஞ்சின் தேவை. அமெரிக்காவில் பல ஆண்டுகள் இதற்குப் பேர்போன ஃபாக்ஸ் 35 எஞ்சின் சுமார் 5.7 சிசி.

க்ளோவா, டீசலா?

க்ளோ எஞ்சின் மெத்தனால் கலவையில் ஓடும். ஸ்டார்ட் செய்ய பிளக்குக்கு பேட்டரி வேண்டும். டீசலுக்கு பிளக்கே கிடையாது. ஈதர், மண்ணெண்ணெய், ஆயில் கலவை போதும். எரிபொருள் குறைவாகக் குடிப்பதால் டீம் ரேஸில் டீசலுக்குத்தான் மவுசு.

புதுசா வாங்குறீங்களா?

விமானத்தின் வரைபடத்தில் சொல்லியிருக்கும் சிசியையே வாங்குங்க. பழைய எஞ்சின் என்றால் புரொப்பல்லரைக் கையால் சுற்றிப் பாருங்க. அழுத்தம் தெரியலைன்னா வேண்டாம். முக்கியமா, மின்கம்பி பக்கத்தில் பறக்கவிடவே கூடாது. எஃகுக் கம்பி அதில் பட்டால் உயிருக்கே ஆபத்து!