மிஷன் பணமும் பிடி அரிசியும்

நிஜாம் ஆண்ட ஐதராபாத் சமஸ்தானத்தில் புராட்டஸ்டண்டு சபைகள் வேர்விட்ட நாட்களில், அவற்றின் பணப்பெட்டி கடலுக்கு அப்பால் இருந்தது. உபதேசியாரின் சம்பளமும் பள்ளிக்கூடத்தின் கூரையும் பெரும்பாலும் மிஷன் பணத்தில் நடந்தன. பணம் யார் கையில் இருந்ததோ, அவர் சொல்லே சபையில் எடுபட்டது. சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்ற ஏச்சும் ஏழை விசுவாசிகளை விடவில்லை. இந்தப் பிடியைத் தளர்த்த அந்த மண்ணில் இருவர் முயன்றார்கள். ஆனால் அவர்கள் பிடித்த வழிகள் வேறு.

முன்னவர் தமிழர். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. இந்தியர் கொடுக்கும் பணத்தில் இந்தியரே ஊழியம் செய்வது அச்சங்கத்தின் கொள்கை. அதன் பணித்தளம் சமஸ்தானத்தின் தோர்ணக்கல் பகுதி. ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் பதவியை விட்டு 1909-இல் அசரியா அங்கே போய்ச் சேர்ந்தார். 1912-இல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை.

அங்கிருந்த கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத மாலா, மாதிகா சாதி மக்கள். காசைக் கண்ணில் காண்பதே அரிது. அவர்களிடம் காணிக்கை கேட்பதா என்று தயங்காமல், கொடுக்க முடியாத ஏழை இல்லை என்று அசரியா கற்பித்தார். திருநெல்வேலி வீடுகளில் நன்கு பழகிய பிடி அரிசி வழக்கம் அங்கும் பரவியது. உலையில் போடுமுன் வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். சேர்ந்த அரிசி ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும். அதை விற்ற பணம் சபைக்கு. கோழியும் தானியமும்கூடக் காணிக்கையாக வந்தன. வெளிநாட்டுப் பணம் அடியோடு நின்றுவிடவில்லை. ஆனாலும் அதுவரை வாங்கும் இடத்திலேயே நிறுத்தப்பட்டவர்கள், அந்தக் கலயத்தால் கொடுக்கும் இடத்துக்கு வந்தார்கள். எந்த மிஷன் நன்கொடையையும்விட அது பெரிது. 1945 ஜனவரி 1 அன்று அசரியா தோர்ணக்கல்லில் காலமானார்.

பின்னவர் பக்த் சிங். 1903-இல் பஞ்சாபில் பிறந்து, சீக்கியராக வளர்ந்து, லண்டனிலும் கனடாவிலும் பொறியியல் படித்தவர். 1932-இல் வான்கூவரில் ஞானஸ்நானம் பெற்றார். ஊழியத்துக்கு வருமுன் குடும்பச் சொத்தில் தமக்குள்ள உரிமையை விடுவது, எந்தச் சங்கத்தின் சம்பளத்துக்கும் போகாமலிருப்பது, தேவையைக் கடவுளிடமன்றி மனிதரிடம் சொல்லாமலிருப்பது என்று தீர்மானித்துக்கொண்டார். 1933-இல் நாடு திரும்பினார். அவர் முயற்சியால் 1941-இல் சென்னையில் யேகோவா ஷம்மா என்ற சபை எழுந்தது. 1950-இல் ஐதராபாத்தின் கோல்கொண்டா சவுக்கில் ஹெப்ரோன் என்ற சபை தொடங்கியது.

இந்தச் சபைகளின் ஊழியருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளிநாட்டு மிஷன்களின் மானியத்தையும் இவை சாரவில்லை. பிரிஸ்டலில் அனாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லரும் இப்படி எவரிடமும் கேளாமல் நடந்தவர்தான். ஊழியரின் மனைவி மக்கள் மேல் இந்த வழி ஏற்றும் பாரம் சிறிதல்ல. ஆனால் பணம் கொடுப்பவரின் முகம் பார்த்துப் பிரசங்கிக்க வேண்டிய நிலை அதில் இல்லை.

பணம் கொடுப்பவருக்குத் தனி இடம் இல்லை என்பதை, ஹெப்ரோனில் ஆண்டுதோறும் நடந்த பரிசுத்த சபைகூடுதல் என்ற பெருங்கூட்டத்தில் கண்ணால் காண முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் பந்தலில் பாய்மேல் அமர்ந்து ஆராதித்தார்கள். சமைத்ததும் பரிமாறியதும் விசுவாசிகளே. சாப்பாட்டுக்குக் கட்டணமில்லை. பணக்காரருக்குத் தனிப் பந்தி இல்லை. அதிகாரியும் கூலிக்காரரும் தரையில் ஒரே வரிசையில் உண்டார்கள்.

பக்த் சிங் 2000 செப்டம்பர் 17 அன்று ஹெப்ரோனில் காலமானார். நாராயணகூடா கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.