இடக்கைக் கிட்டார்ப் பயிற்சி

இயல்பிலேயே இடக்கைப் பழக்கமுடையவர், வலக்கையாரை உத்தேசித்து அமைக்கப்பெற்ற ஆறு தந்தி வாத்தியமாகிய கிட்டாரைக் கற்கும் முறைகளை இத்தலைப்புக் குறிக்கும். மனிதரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கையர். வழக்கமான கிட்டாரில் வலக்கை தந்தியை மீட்ட, இடக்கை விரல்கள் கழுத்துப் பலகையில் சுரஸ்தானங்களை அழுத்தும். தடித்த தந்தி வாசிப்பவரின் முகத்துக்கு அருகிலும் மெல்லியது தரைப்பக்கத்திலும் நிற்கும். இடக்கையர் வாத்தியத்தைத் திருப்பிப் பிடித்த மாத்திரத்தில் இவ்வொழுங்கு தலைகீழாகிவிடுவதே முதற் சிக்கல்.

இதற்கு மூன்று மார்க்கங்கள் உண்டு. முதலாவது, வலக்கையாரைப் போலவே வாசித்துப் பழகுவது. இடக்கையராகிய மார்க் நோப்ளர் அவ்வாறே வாசித்துப் பெரும் புகழெய்தினார். இரண்டாவது, தந்திகளை மாற்றாமல் வாத்தியத்தை மட்டும் திருப்பிப் பிடிப்பது. வட கரோலினாவில் 1893-இல் பிறந்த எலிசபெத் காட்டன், தமையனாரின் பாஞ்சோவையும் பின்னர் கிட்டாரையும் அங்ஙனம் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் மந்திர ஸ்தாயியையும் மீட்டித் தமக்கென ஒரு பாணியையே சிருஷ்டித்தார். ஆல்பர்ட் கிங் என்னும் புளூஸ் வித்துவானும் இவ்வழியே சென்றவர். மூன்றாவது, தந்திகளை எதிர்வரிசையில் பூட்டிக்கொள்வது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கைக் கிட்டாரை இவ்விதம் மாற்றியே வாசித்தார்.

தந்தி மாற்றுவது எளிதாகத் தோன்றினும், நுட்பமறிந்து செய்ய வேண்டிய காரியம். தலைப்புறத்தில் தந்திகள் தங்கும் நட் என்னும் சிறு கட்டையின் பள்ளங்கள் தந்தியின் பருமனுக்கேற்ப அறுக்கப்பட்டிருப்பதால், தடித்த தந்தி குறுகிய பள்ளத்தில் அமராது. மெல்லிய தந்தி அகன்ற பள்ளத்தில் நடுங்கி ஒலிக்கும். எஃகுத் தந்திக் கிட்டாரில் உடற்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பாலத்தின்மேலுள்ள சாடில் என்னும் சிறு பட்டை, தடித்த தந்திக்குச் சற்று அதிக நீளம் கிடைக்குமாறு சாய்வாகப் பதிக்கப்பட்டிருக்கும். தந்தி மாறியதும் அச்சாய்வு எதிர்த்திசையாகிச் சுருதி பிசகும். நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிட்டாரிலோ சாடில் பெரும்பாலும் நேராகவே இருப்பதால், நட் ஒன்றை மாற்றினாலே அது இடக்கை வாத்தியமாகிவிடும். தனியாக இடக்கைக் கிட்டார் வாங்க இயலாத மாணவனுக்கு இதுவே உசிதமான வழி என்பது நம் அபிப்பிராயம்.

தமிழிசை உலகில் இதற்கொப்பான சரித்திரம் மிருதங்கத்தில் உண்டு. புதுக்கோட்டை மரபில் வந்த பழநி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கையர். மிருதங்கத்தின் வலந்தலை என்னும் முகம் அவையை நோக்கும்படி அமர்வது சம்பிரதாயமாதலால், அவருக்காக மேடையில் வயலின் வித்துவான் பக்கம் மாறி உட்கார நேர்ந்தது. அதற்கு உடன்படாதாரும் இருந்தனர். செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குப் பக்கபலமாக நின்றதால், கையை மாற்றாமலே அம்மேதை தம் காலத்து மிருதங்க வித்துவான்களின் முன்வரிசையில் விளங்கினார். ஆற்றல் மிக்க கைக்கு மேடையே இடம் மாறிக் கொடுத்த இந்நிகழ்ச்சி, வகுப்பில் ஒரு சிறுவனுக்காக நாற்காலியைத் திருப்பிப் போடவும் தயங்கும் ஆசிரியர்கள் அறிய வேண்டியது.

இலங்கையில் கிட்டார் பைலா இசையோடும், 1970-களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய தமிழ்ப் பொப் பாடல்களோடும் பிரசித்தியடைந்தது. அந்நாட்டில் கிட்டாரை நாடும் இடக்கைப் பிள்ளையின் நிலைக்கு ஒரு தோட்டப்புறத்தையே உதாரணமாகக் கொள்வோம். கண்டியின் தென்புறத்தே தெல்தோட்டை வீதியிலுள்ள கலஹா, 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்துரவுக்கு அணித்தான தோட்டப் பிரதேசம். அங்கே கொழுந்து பறிக்கும் தாயின் இரு கைகளும் ஒருங்கே விரைந்து தொழில் செய்ய, அவள் பிள்ளையின் இடக்கையை மட்டும் ‘சோற்றுக்கையால் செய்’ என்று தடுப்பது நியாயமாகாது. கிட்டாரிலும் இரு கைகளுக்கும் கடினமான தொழில் உண்டு. எந்தக் கை தாளத்தை இயல்பாகத் தாங்குகிறதோ அதுவே மீட்டும் கையாதல் தகும்.

மீட்டும் கை எதுவெனக் கண்டறிவது முதற் பாடத்துக்கு முன்பே நடைபெற வேண்டும். பல மாதம் சாதகம் செய்தபின் கை மாற்றுவது மிகுந்த பிரயாசை தரும். இடக்கையர், அச்சிட்ட சுரக்கூட்டு (கோர்ட்) வரைபடங்களைக் கண்ணாடியில் தோன்றுவதுபோல் மாற்றிப் படிக்கப் பழகுதல் அவசியம். ஆனால் வலக்கை ஆசிரியருக்கு எதிரே அமர்ந்தால் அவர் விரல்களைத் தம் பிரதிபிம்பமாகவே கண்டு பின்பற்றும் சௌகரியமும் அவர்களுக்கு உண்டு. ஆகவே ஆசிரியன்மாரே, மாணவன் எந்தக் கையால் வாத்தியத்தை நாடுகிறான் என்பதை முதலிற் கவனித்து, அதன் பின்னரே தந்திகளைச் சுருதி கூட்டுங்கள்.