எருநீரின் வரலாறு

உழவைப் பாடிய வள்ளுவர் எருவிடுதலை ஏருக்கும் மேலாக வைத்தார். எரு என்றவுடன் தொழுவமும் குப்பைமேடும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும், எருவை நீரில் ஊறவைத்து அந்நீரைச் செடிக்கு வார்க்கும் முறையும் பழமையுடையதே. இன்று அது 'கம்போஸ்டுத் தேநீர்' என்னும் பெயரோடு மேனாட்டுப் புல்தரைகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் வழங்குகிறது. பெயர் புதிது, பொருளும் புதிதுதானா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஏழு இரவும் பதினைந்து நாளும்

கி.பி. 6-ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் 'பிருகத் சம்ஹிதை'யில் மரஞ்செடிகளின் மருத்துவத்திற்கென ஓர் இயலையே ஒதுக்கினார். ஆட்டுப் புழுக்கை, எள், மாவு, இறைச்சி ஆகியவற்றை நீரிலிட்டு ஏழு இரவு வைத்திருந்து, பூவும் காயும் பெருகும்பொருட்டு ஊற்றுக என்பது அவர் கூற்று.

சுரபாலரின் 'விருட்சாயுர்வேதம்' கி.பி. 1000-ஐ ஒட்டி எழுந்தது என்பர். அதில் 'குணபநீர்' செய்யும் வகை விரிவாக உள்ளது. இறைச்சியையும் கொழுப்பையும் வேகவைத்துப் பானையில் இட்டு, பால், எள்ளுப் பிண்ணாக்கு, உளுந்து, தேன், நெய், வெந்நீர் ஆகியன சேர்த்து, வெதுவெதுப்பான இடத்தில் பதினைந்து நாள் வைக்கவேண்டும். பொருள்களுக்கு அளவு விதிக்காத ஆசிரியர், காலத்தையும் வெப்பத்தையும் குறிக்க மறந்திலர். இந்நூலின் சுவடி ஆக்ஸ்போர்டில் உள்ள போட்லியன் நூலகத்தில் இருந்தது. வேளாண் அறிஞர் ஒய். எல். நேனேயின் முயற்சியால், நளினி சாதலேயின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1996-இல் செகந்திராபாத்தில் வெளிவந்தது.

இந்தூரும் பான் நகரமும்

சாணமும் சருகும் அடுக்கி மக்கவைக்கும் முறையை இந்தூரில் ஆராய்ந்து வகுத்தவர் ஆல்பர்ட் ஹோவார்ட். அவரும் யஷ்வந்த் வாடும் எழுதிய நூல் 1931-இல் வெளியாயிற்று. 1937-38-இல் ஹோவார்ட் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். அவர் வற்புறுத்தியது மண்ணில் சேரும் மக்கெருவையே.

1980-களில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் வெல்ட்ஸீன் என்பார், கம்போஸ்டைச் சில நாள் நீரில் ஊறவைத்து வடித்த சாற்றை இலைநோய்களுக்குத் தெளித்து ஆராய்ந்தார். 1990-களில் அமெரிக்க நுண்ணுயிர் அறிஞர் எலைன் இங்காம், ஊறும் நீரில் காற்றைச் செலுத்தும் முறையைப் பரப்பினார். தமிழகத்தில் நம்மாழ்வார் பரப்பிய அமுதக் கரைசலும், கொடுமுடி மருத்துவர் நடராஜன் வகுத்த பஞ்சகவ்யமும் இவ்வினத்தனவே.

வாளியும் காற்றும்

இங்காம் பரப்பிய முறைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு வாளி, மீன்தொட்டிக்குரிய காற்றுப் பம்பு, ஒரு துணிப்பை ஆகியவை போதும். குழாய்நீரில் உள்ள குளோரின் நீங்க அதனை ஒரு நாள் திறந்து வைக்கவேண்டும். நன்கு மக்கிய எருவைப் பையிலிட்டு நீரில் தொங்கவிட்டு, ஒரு நாள் முதல் ஒன்றரை நாள்வரை காற்றூட்டுவர். பின் வடிகட்டி, காலந்தாழ்த்தாது பூவாளியால் ஊற்றுவர். காற்று நின்றபின் வைத்திருந்தால் காற்றை நம்பிய உயிர்கள் மடியும். வடிகட்டாவிடின் தெளிப்பானின் வாய் அடைபடும்.

இவற்றை ஒப்புநோக்கினால் வேற்றுமை புலனாகும். பழையவர் நாடியது செடிக்கு ஊட்டம். புதியவர் நாடுவது நுண்ணுயிர்ப் பெருக்கம். நுண்ணுயிர் என்பதே அறியப்படாத காலத்து நூல்களில் இக்காலக் கொள்கை முழுதும் உண்டு எனல் மிகை. அவற்றை வெறும் கற்பனை எனத் தள்ளுவதும் தவறு. காற்றூட்டிய நீரே சிறந்தது என ஆய்வுகளும் ஒருமுகமாகக் கூறவில்லை. நோய் தடுக்கும் ஆற்றல் எருவுக்கு எரு, பயிருக்குப் பயிர் மாறுகிறது.

கியா பார்மில்

பிரிஞ்சாங்கை அடுத்த கியா பார்ம் 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கு இரவு குளிர். குளிரில் நுண்ணுயிர்ப் பெருக்கம் மெதுவாகும். சமவெளிக்குச் சொன்ன கால அளவு அங்கே போதாமற்போகலாம். சுரபாலர் 'வெதுவெதுப்பான இடம்' என்றதன் பயன் அம்மலையில் நன்கு விளங்கும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கீரைச்சாலட்டும் ஸ்ட்ராபெரியும் சமைக்காது உண்ணப்படுவன. அமெரிக்க இயற்கை வேளாண்மை வாரியம் அமைத்த குழு 2004-இல் அளித்த அறிக்கை, சர்க்கரைப்பாகு போன்றவை சேர்த்தால் எருநீரில் நோய்க்கிருமிகளும் பெருகக்கூடும் என எச்சரித்தது. நன்றி செய்யும் உயிருக்கு இட்ட இனிப்பு தீங்கு செய்யும் உயிருக்கும் உணவாகுமன்றோ? ஆகவே பள்ளித் தோட்டத்திலும் லயத்துக் கொல்லையிலும் பாகு சேர்க்காமலும், பச்சைச் சாணமோ கோழி எருவோ இடாமலும் செய்தல் வேண்டும். உண்ணும் இலையிலும் கனியிலும் தெளியாது வேரில் ஊற்றுவதே தக்கது. பூச்செடிக்கும் புல்தரைக்கும் இத்தனை அச்சமில்லை.

மழை வருமுன் சரிவில் ஊற்றிய எருநீர் ஓடைக்கே போய்ச் சேரும். மண்ணைப் பிடித்து வைப்பது ஹோவார்ட் சொன்ன மக்கெருவே. முதலில் மக்கெரு இட்டு, அதன்பின் எருநீர் வார்ப்பதே மலைத் தோட்டத்துக்கு ஏற்ற முறையாகும்.