ஆயில் கூலரே இல்லாத பழைய ஆர்எக்ஸ்-7 டர்போ... ஸ்டார்ட் பண்ணலாமா? மீண்டும் மாட்டுவது எப்படி? முழு விளக்கம்

2001-ல் வெளியான முதல் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படத்தில் சீறிப் பாய்ந்த சிவப்பு நிற மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரை மறந்திருக்க மாட்டீர்கள். அது மூன்றாம் தலைமுறை மாடல். அதற்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார். 1980-களின் நடுவில் வந்த இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 டர்போ.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இந்தப் பழைய கார்கள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆசையாக வாங்கி வந்து, பம்பருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கும்போதுதான் சிலருக்கு விஷயமே தெரியும். ஆயில் கூலர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்.

"வண்டிதான் ஓடுதே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். வேறு சில கார்களில் அந்தக் கேள்வி ஓரளவுக்கு நியாயம். இந்த காரில் இல்லை. ஏன் என்று பார்க்கலாம்.

இந்த காரில் அப்படி என்ன ஸ்பெஷல்?

ஆர்எக்ஸ்-7 காரில் இருப்பது வழக்கமான பிஸ்டன் இன்ஜின் இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வான்கெல் உருவாக்கிய ரோட்டரி இன்ஜின். மேலும் கீழும் போய் வரும் பிஸ்டனுக்குப் பதிலாக, முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும்.

1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் இரண்டு ரோட்டர் இன்ஜினைக் கொண்டுவந்த மஸ்டா, 1978 முதல் 2002 வரை மூன்று தலைமுறைகளாக 8.11 லட்சம் ஆர்எக்ஸ்-7 கார்களைத் தயாரித்தது. 1991-ல் பிரான்சின் லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை மஸ்டா ஜெயித்ததும் நான்கு ரோட்டர் இன்ஜினோடுதான்.

இரண்டாம் தலைமுறை டர்போவில் இருப்பது '13பி' என்ற இன்ஜின். ஒரு ரோட்டருக்கு 654 சிசி, இரண்டுக்கும் சேர்த்து 1,308 சிசி. அமெரிக்காவில் 'டர்போ 2' என்ற பெயரில் வந்தபோது 182 குதிரைத்திறன். 1989 மாடலில் அது 200 ஆனது. சின்ன இன்ஜின், பெரிய சக்தி. கூடவே பெரிய சூடு.

ஆயிலுக்கு இங்கே என்ன வேலை?

எந்த இன்ஜினிலும் ஆயில் உராய்வைக் குறைக்கும். ரோட்டரி இன்ஜினில் அதற்கு இன்னொரு பெரிய வேலையும் உண்டு.

ரோட்டரைச் சுற்றியிருக்கும் கூட்டை ரேடியேட்டர் தண்ணீர் குளிர வைக்கும். ஆனால் உள்ளே சுற்றும் ரோட்டருக்குத் தண்ணீர் போக வழியே கிடையாது. அதனால் நடுவில் இருக்கும் ஷாஃப்ட்டில் உள்ள சின்னத் துளைகள் வழியாக, ரோட்டரின் உட்பகுதிக்குள் ஆயில் பீய்ச்சி அடிக்கப்படுகிறது. ரோட்டரின் சூட்டை வாங்கிக்கொண்டு அந்த ஆயில் கீழே இறங்கும்.

இதோடு டர்போவும் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய டர்போவின் தண்டும் இதே ஆயிலை நம்பித்தான் இருக்கிறது.

இவ்வளவு சூட்டையும் வாங்கிய ஆயில் எங்கே ஆறும்? காரின் முன்பக்கம், ரேடியேட்டருக்குக் கீழே, காற்று படும்படி இருக்கும் ஆயில் கூலரில்தான். சுருக்கமாகச் சொன்னால், ரோட்டருக்கு ஆயில்தான் தண்ணீர். ஆயில் கூலர்தான் ரேடியேட்டர். ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு யாராவது கார் ஓட்டுவார்களா?

பிறகு கூலர் எப்படிக் காணாமல் போகும்?

பெரும்பாலும் முந்தைய ஓனர் செய்த வேலையாகத்தான் இருக்கும். வழக்கமான காரணங்கள் இவை:

- கூலர் தாழ்வான இடத்தில் இருப்பதால் கல் அடித்தோ, முன்பக்கம் இடித்தோ ஓட்டை விழுந்திருக்கும். புதிது வாங்காமல் கழற்றி எறிந்திருப்பார்கள்.
- இந்த காரில் இன்டர்கூலர் இன்ஜினுக்கு மேலேயே இருக்கும். அதை எடுத்துவிட்டு முன்பக்கம் பெரிய இன்டர்கூலர் வைக்கும்போது, இடம் போதாமல் ஆயில் கூலரைத் தூக்கியிருப்பார்கள்.
- காரைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தியிருப்பார்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். 13பி இன்ஜினில் பம்ப்பிலிருந்து கிளம்பும் ஆயில், இன்ஜினின் முன் கவரிலிருந்து வெளியே வந்து கூலருக்குப் போகும். அங்கிருந்து இன்ஜினின் பின்பகுதிக்குத் திரும்பி, ஃபில்டர் வழியாக பேரிங்குகளுக்குச் செல்லும். அதாவது கூலர் ஒரு கிளைப் பாதை இல்லை. மெயின் ரோடே அதுதான்.

அப்படியென்றால் கூலர் இல்லாத கார் ஓடுகிறது என்றால், யாரோ போகும் வழியையும் வரும் வழியையும் ஒரு ஹோஸ் போட்டு நேராக இணைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஹோஸ் சாதாரண ரப்பர் ஹோஸ், அதன் மேல் திருகு கிளாம்ப் என்றால் நிலைமை இன்னும் மோசம். பம்ப்பின் முழு அழுத்தமும் அதில்தான் இருக்கும். ஹோஸ் கழன்றால் சில நொடிகளில் ஆயில் காலி. சூடான எக்ஸாஸ்ட் பக்கம் தெறித்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

அப்படியே ஓட்டினால் என்ன ஆகும்?

முதல் நாளே இன்ஜின் போய்விடாது. பிரச்சினையே அதுதான். பக்கத்துத் தெரு வரை போய் வந்தால் ஒன்றும் தெரியாது. டேஷ்போர்டில் தண்ணீர் வெப்பநிலை முள்ளும் நார்மலாகவே நிற்கலாம். ஆயிலின் சூட்டை அந்த முள் காட்டாது.

நெடுஞ்சாலையில் டர்போ வேலை செய்யத் தொடங்கியதும் கதை மாறும். சூடு ஏற ஏற ஆயில் நீர்த்துப்போய், பேரிங்குகளுக்கு நடுவே நிற்க வேண்டிய மெல்லிய படலம் அறுந்துபோகும். ரோட்டரின் பக்கவாட்டில் ஆயிலைத் தடுக்கும் சீல்களுக்குள் இருக்கும் ரப்பர் ஓ-ரிங்குகள் காய்ந்து இறுகிவிடும். அதற்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் நீலப் புகை. அந்த ஓ-ரிங்கின் விலை கொஞ்சம்தான். ஆனால் அதை மாற்ற இன்ஜினையே இறக்கி முழுசாகப் பிரிக்க வேண்டும்.

கூலர் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

ஏற்கெனவே சேதமாகிவிட்ட இன்ஜினுக்குப் புது கூலர் மாட்டி எந்தப் பயனும் இல்லை. அதனால் முதலில் மூன்று சோதனைகள்:

1. ஆயிலை வடித்துப் பாருங்கள். கருகிய வாடை, மினுமினுக்கும் உலோகத் துகள் இருக்கிறதா? பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். செம்பு நிறத் துகள் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

2. கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். மூன்றையும் தனித்தனியாக அளக்கும் ரோட்டரி டெஸ்டர் உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். மூன்று அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தால் சீல் போயிருக்கலாம்.

3. டர்போ. தண்டைக் கையால் அசைத்தால் அதிகமாக ஆடுகிறதா, குழாய்க்குள் ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றிலும் தேறினால், கூலர் வேட்டையைத் தொடங்கலாம்.

எந்தக் கூலர் வாங்கலாம்?

ஒரிஜினல் (பழையது): இதே மாடல் காரிலிருந்து கழற்றிய கூலர். தாங்கிகள், காற்று வழி எல்லாம் அப்படியே பொருந்தும். ஆயில் குளிர்ச்சியாக இருக்கும்போது கூலரைச் சுற்றிப் போகவிடும் தெர்மோஸ்டாட் இதற்குள்ளேயே இருக்கும் என்பது பெரிய வசதி. ஆனால் இன்ஜின் வெடித்துப்போன காரிலிருந்து எடுத்ததா என்று கட்டாயம் கேளுங்கள். அப்படியென்றால் உள்ளே உலோகத் துகள் அடைந்திருக்கும். எதுவாக இருந்தாலும் உட்புறம் நன்றாகக் கழுவி, லீக் டெஸ்ட் செய்த பிறகே மாட்ட வேண்டும்.

வேறு கம்பெனி கூலர்: புதிதாகவே கிடைக்கும். ஆனால் தாங்கி, ஹோஸ், இணைப்புகள் எல்லாம் தனியாகச் செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட்டும் தனி. அது இல்லாவிட்டால் குளிர்காலத்தில் ஆயில் சூடாகவே நேரம் பிடிக்கும். குளிர்ந்த ஆயிலும் இன்ஜினுக்கு நல்லதல்ல.

சின்ன யுனிவர்சல் கூலர்: வேறு ஏதோ காருக்கான சின்னக் கூலரை விலை குறைவு என்று மாட்டுவது. ரோட்டரி டர்போவுக்கு இது போதாது. தவிர்த்துவிடுங்கள்.

மாட்டுவது எப்படி?

1. இன்ஜின் முழுசாக ஆறிய பிறகு, காரை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்கக் கூடாது.

2. ஆயிலை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, நேராக இணைத்திருக்கும் ஹோஸை எடுத்துவிட வேண்டும். திறந்த துளைகளுக்குள் தூசி போகாமல் உடனே மூடி வையுங்கள்.

3. கூலரை ரப்பர் புஷ் வைத்துத்தான் பொருத்த வேண்டும். இறுக்கமாக உலோகத்தோடு உலோகம் சேர்த்தால், அதிர்வில் அலுமினியம் விரிசல் விடும்.

4. ஹோஸ் புதிதாகவே இருக்கட்டும். அதிக அழுத்தத்தையும் ஆயில் சூட்டையும் தாங்கும் ஹோஸ் வேண்டும். பின்னல் உறை போட்ட ஹோஸ் என்றால் 'ஏஎன் 10' அளவு பரவலாகப் பயன்படுகிறது. அதாவது 16-ல் 10 பங்கு அங்குலம். சுமார் 16 மில்லிமீட்டர். ஸ்டீயரிங் திரும்பும்போது சக்கரத்தில் உரசாமலும், டர்போ பக்கம் நெருங்காமலும் கொண்டுபோக வேண்டும்.

5. இணைப்புகளில் செம்பு அல்லது அலுமினிய வாஷர் இருக்கும். பழையதை மறுபடி போடாதீர்கள். இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும்: கூலர் பக்கம் ஒன்று பிடித்துக்கொள்ள, நட்டைத் திருக இன்னொன்று. ஒரே ஸ்பேனரில் முறுக்கினால் கூலரின் கழுத்து முறிந்துவிடும்.

6. காற்று வழியை அடைக்கக் கூடாது. முன்பக்க பிளாஸ்டிக் தடுப்புகளும் அடித்தட்டும் அழகுக்காக இல்லை. அவை இல்லாவிட்டால் காற்று கூலருக்குள் போகாமல் சுற்றிப் போய்விடும். முன்னால் பெரிய இன்டர்கூலர் இருந்தால், கூலருக்குத் தனிக் காற்று வழி செய்தே ஆக வேண்டும்.

முதல் ஸ்டார்ட்: இங்கே அவசரம் வேண்டாம்

காலி கூலர், காலி ஹோஸ், புது ஃபில்டர். இவை எல்லாம் நிரம்பிய பிறகுதான் பேரிங்குக்கு ஆயில் போகும். நேராக சாவியைத் திருகி ஸ்டார்ட் பண்ணினால், அத்தனை நொடிகளும் இன்ஜின் ஆயில் இல்லாமல் சுற்றும்.

அதனால் புது ஆயில் ஊற்றிய பிறகு, கிராங்க் ஆங்கிள் சென்சாரின் ஒயர் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். தீப்பொறியும் வராது, பெட்ரோலும் பாயாது. இப்போது ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் முள் எழுந்ததும் நிறுத்தி, இணைப்பை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம்.

ஐடிலில் ஓடும்போதே ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அணைத்துவிட்டு லெவல் பார்த்தால் குறைந்திருக்கும். கூலருக்குள் போன அளவை மறுபடி ஊற்ற வேண்டும். சிறிது தூரம் ஓட்டி வந்து, ஆறிய பிறகு மறுபடி ஒரு முறை சோதனை.

ஆயில் வெப்பநிலை காட்டும் தனி மீட்டர் ஒன்று மாட்டிக்கொள்வது நல்லது. வழக்கமான ஓட்டத்தில் 90 முதல் 100 டிகிரி செல்சியஸ் என்றால் நிம்மதி. 120-ஐ நெருங்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: சீல்களுக்காக ரோட்டரி இன்ஜின் தானே கொஞ்சம் ஆயிலை எரிக்கும். அது இயல்புதான். எனவே பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப் ஸ்டிக்கைப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

கடைசியாக...

பழைய காரில் பெயின்ட் மங்கலாம், சீட் கிழியலாம், ரேடியோ பாடாமல் போகலாம். எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆயில் கூலர் இல்லாத ரோட்டரி டர்போவை வாங்கினால், வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். லாரியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். லாரி வாடகை ஒரு நாள் செலவு. ரோட்டரி இன்ஜினைப் பிரித்துக் கட்டுவது அப்படியல்ல.