மடியும் மருந்தும்



வட சென்னையின் வரலாற்றைக் கூறப் புகுவோர், துறைமுகத்தைக் கூறுவர். 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இராயபுரம் இரயில் நிலையத்தைக் கூறுவர். திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் எழுந்த ஆலைகளைக் கூறுவர். புகைபோக்கிகளுக்கு இடையே பசுவும் வாழ்ந்து வந்தது என்பதை நினைப்பவர் சிலரே. துறைமுகத் தொழிலாளியின் விடியற்காலைத் தேநீருக்கும், அவன் வீட்டுக் குழந்தையின் பாலாடைக்கும் பால் அளித்தவை அப்பகுதிச் சந்துகளில் இருந்த மாட்டுக் கொட்டில்களே. பசுவை வாயிலுக்கே ஓட்டி வந்து கண்ணெதிரே கறந்து கொடுத்த வழக்கத்தை முதியோர் பலர் அறிவர். அந்நாளில் மக்களுக்கிருந்த ஐயம் ஒன்றுதான்: பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்பது. இந்நாளில் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்றும் உண்டு: பாலில் மருந்து கலந்திருக்கிறதா? இக்கேள்வி பிறந்த வரலாற்றையே இன்று ஆராய எண்ணுகிறேன்.

1928-ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் அலெக்சாண்டர் பிளெமிங் என்பார், பூஞ்சணம் ஒன்று தன்னைச் சுற்றியிருந்த நோய்க்கிருமிகளை அழித்திருக்கக் கண்டார். பெனிசிலின் இவ்வாறு அறியப்பட்டது. அதனை மருந்தாக்கிய பெருமை புளோரி, செயின் ஆகியோரைச் சாரும். மூவரும் 1945-இல் நோபெல் பரிசு பெற்றனர். பரிசு பெற்ற மேடையிலேயே பிளெமிங் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் கிருமிகள் சாவதில்லை. மருந்தைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிடுகின்றன என்பதே அதன் கருத்து. உலகம் பரிசைப் பாராட்டியது, எச்சரிக்கையை மறந்தது.

மனிதனுக்கு உதவிய மருந்து விரைவில் மாட்டுக்கும் உதவியது. கறவை மாட்டுக்கு வரும் நோய்களுள் மடிநோய் கொடியது. காம்பின் வழியே கிருமி புகுந்து மடி வீங்கும். பால் திரிந்து கட்டி கட்டியாக வரும். கவனியாது விட்டால் காம்பு கெட்டு, பசு பாலுக்குப் பயனற்றுப் போகும். 1940-களின் பிற்பகுதியில் மேல்நாடுகளில் பெனிசிலினைக் காம்பின் வழியே மடிக்குள் செலுத்தும் முறை பரவியது. பல பசுக்கள் பிழைத்தன. இதனை நன்மையன்று என்று எவரும் கூறார்.

அடுத்த அத்தியாயத்தில் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சித் தலைவராக விளங்கினார். அவர் தலைமையில்தான் பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவரவியல் அறிஞர், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டார். 1948-இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சுப்பாராவ் அவ்வாண்டிலேயே மறைந்தார். பின்னர் அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டோக்ஸ்டாட், ஜூக்ஸ் என்னும் இருவர், அம்மருந்தைத் தயாரித்தபின் எஞ்சிய கசடைக் கோழிகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்தனர். கோழிகள் வியக்கத்தக்கவாறு விரைந்து வளர்ந்தன. 1950-இல் இச்செய்தி பரவவே, பன்றிக்கும் கன்றுக்கும் தீனியில் மருந்து கலக்கும் வழக்கம் பெருகிற்று. நோயுற்ற விலங்குக்குச் சில நாள் கொடுத்த மருந்து, நோயற்ற விலங்குக்கு நாள்தோறும் சிறு அளவில் கொடுக்கும் தீனியாயிற்று. பிளெமிங் எதனை அஞ்சினாரோ, அதுவே வணிகமாயிற்று.

விளைவு என்ன? 1959-இல் ஜப்பானிய அறிஞர்கள், ஒரு கிருமி தான் பெற்ற எதிர்ப்பாற்றலை வேறொரு கிருமிக்கு வழங்க வல்லது என்று காட்டினர். ஒரு மாணவன் கற்ற பாடத்தை வகுப்பு முழுவதற்கும் கற்பித்துவிடுவது போன்றது இது. 1960-களின் நடுவில் இங்கிலாந்தில், பால் பண்ணைகளிலிருந்து விற்கப்பட்ட இளங்கன்றுகளிடையே பல மருந்துகளுக்கும் அடங்காத சால்மொனெல்லா கிருமி பரவி, மனிதரையும் தாக்கியது. அரசு ஆய்வுக் குழு அமைத்தது. 1969-இல் வெளிவந்த ஸ்வான் அறிக்கை, மனித மருத்துவத்துக்குரிய மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீனியில் கலத்தல் ஆகாது என்று கூறியது. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியம் அவ்வழக்கத்தை முழுவதும் தடை செய்ய 2006-ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்கு வந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, மாட்டு வைத்தியத்தை அறிவியலாக வளர்த்தது. 1955-இல் பூனாவுக்கு அருகிலுள்ள பிம்ப்ரியில் அரசுத் தொழிற்சாலை பெனிசிலின் உற்பத்தியைத் தொடங்கியது. 1960-களில் நியூசிலாந்தின் உதவியுடன் மாதவரத்தில் பால் பண்ணை எழுந்தது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம், சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்குப் பால் வழங்கலைச் சீராக்க முனைந்தது. மிகுதியாகக் கறக்கும் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினப் பசுக்கள் கொட்டில்களில் நிறைந்தன. பால் பெருகியது, மடிநோயும் உடன் பெருகியது. நிறையக் கறக்கும் மடி நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும். சேறும் சாணமும் நிறைந்த நெருக்கமான நகரக் கொட்டிலோ, கிருமிக்கு விருந்திடும்.

மருந்து செலுத்திய பசுவின் பாலில் சில நாட்களுக்கு மருந்து வெளிப்படும். காய்ச்சுவதால் அது முற்றும் அழிவதில்லை. மருந்து மிகுந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் தோய்வதில்லை. தயிராக்கும் நல்ல நுண்ணுயிரையும் அது கொன்றுவிடுகிறது. பெனிசிலின் ஒவ்வாதவருக்கு அப்பால் தீங்கும் விளைக்கலாம். மாட்டின் சாணத்தோடும் சிறுநீரோடும் மருந்தின் பெரும்பகுதி சாக்கடையைச் சேர்ந்து, அங்குள்ள கிருமிகளுக்கும் எதிர்ப்பைப் பழக்குகிறது.

இதனாலேயே 2012-இல் இந்திய அரசு மருந்து விதியைத் திருத்தியது. மருந்தின் மேலுறையில் வேறு காலம் குறிக்கப்படாதவிடத்து, கடைசி மருந்துக்குப்பின் ஏழு நாளேனும் பாலை உணவுக்குப் பயன்படுத்தலாகாது. 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 77 மாதிரிகளில் இம்மருந்துகள் வரம்பை மீறியிருந்தன. 2019-இல், மனித மருத்துவத்தின் கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் மருந்து உணவுக்கான விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்டது. 2012-ஆம் ஆண்டிலேயே மருத்துவ சங்கங்கள் பல ஒன்றுகூடி, மருந்தைக் காக்க வழி வகுத்த ஆவணத்துக்குச் 'சென்னைப் பிரகடனம்' என்று நம் நகரின் பெயரே அமைந்தது.

77 என்பது சிறிய எண் என்று நாம் அமைதி கொள்ளலாகாது. சட்டம் எழுதிய ஏழு நாளை யார் சுமப்பது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பசுக்களை வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை மனத்திற்கொள்வோம். நாளைக்கு எட்டு லிட்டர் கறக்கும் பசு ஒன்று மடிநோய் கண்டால், மருந்து முடிந்தபின் ஏழு நாளில் 56 லிட்டர் பாலைக் கொட்ட வேண்டும். மருந்து செலுத்திய நாட்களின் பால் தனி. தீவனச் செலவோ ஒரு நாளும் நிற்பதில்லை. அக்குடும்பம் பாலைக் கொட்டாமல் விற்றால், அதனைப் பேராசை என்று கூறுவது எளிது, அறமாகாது. வீக்கம் வடிந்தவுடன் மருந்தை இடையில் நிறுத்துவதற்கும், மருத்துவரை அழையாமல் கடையில் கேட்டு வாங்குவதற்கும் காரணம் அதே வறுமைதான். இழப்பை ஒருவர் தலையில் சுமத்தி, நன்மையை ஊரார் எல்லோரும் அடையும் சட்டம் ஏட்டில்தான் நிலைக்கும்.

ஆதலின் செய்யத்தக்கவை சில. கொட்டிலை உலர்வாக வைத்தல், கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடைத்தல், கறந்தவுடன் பசுவைச் சிறிது நேரம் படுக்கவிடாமல் தீனி வைத்தல் ஆகியவை செலவில்லாத காப்புகள். கறந்தபின் காம்பின் துளை மூடச் சிறிது நேரமாகும் என்பதே கடைசி விதியின் காரணம். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்து மடியில் பூசும் மரபு மருத்துவத்தைத் தேசியப் பால்வள வாரியமே இன்று எடுத்துரைக்கிறது. தொடக்க நிலையிலேயே அதனைக் கைக்கொள்ளலாம். நோய் முற்றினால் மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன நாள் வரை கொடுத்தல் வேண்டும். இவை மாடு வளர்ப்போர் கடமை. விலக்கி வைத்த பாலுக்கு ஒரு பங்கேனும் ஈடு கொடுத்தல் கூட்டுறவுச் சங்கங்களின் கடமையாதல் வேண்டும். அதற்காக லிட்டருக்குச் சில காசுகள் மிகுதியாகக் கேட்டால், முகம் சுளிக்காமல் கொடுப்பது பால் வாங்கும் நம் கடமை.

நெதர்லாந்து நாடு 2009-க்குப்பின் சில ஆண்டுகளிலேயே கால்நடைகளுக்கு இம்மருந்துகளைப் பயன்படுத்துவதைப் பாதிக்கும் மேல் குறைத்தது. அதன் பால் தொழில் அழிந்துவிடவில்லை. முடியும் என்பதற்கு அதுவே சான்று. முன்னோர் மூன்று தலைமுறை உழைத்துத் தேடித் தந்த மருந்து இது. நம் பேரக் குழந்தைக்குக் காய்ச்சல் காணும் நாளில் அது வேலை செய்ய வேண்டுமானால், இன்று இராயபுரத்துச் சந்திலுள்ள பசுவுக்கு அதனை அளந்து கொடுத்தல் வேண்டும்.