பட்டாசு லேபிள் எழுத்து

விருதுநகர் மாவட்டம் சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர், சினிமா போஸ்டர் அச்சில் தழைத்த அலங்கார எழுத்து முறை. வில்லாக வளைந்த பெயர் வரி, ஒரு பக்கம் நிழல் விழும் தடித்த எழுத்து, பின்னால் விரியும் கதிர்கள், சிவப்பின் மேல் மஞ்சள்: தீபாவளிப் பட்டாசுப் பெட்டியைப் பிரித்த கைகளுக்கெல்லாம் இது பழக்கம். இதன் பிறப்பிடம் ஓவியரின் மேசை. அச்சுக்கோக்கும் ஈய எழுத்துகளுக்கு இதில் அதிக வேலை இருந்ததில்லை.

வானம் பார்த்த பூமியான சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டே ஊரில் தொழிற்சாலை எழுந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லித்தோ எனும் கல்லச்சு அச்சகங்கள் பின்தொடர்ந்து வந்தன. 1940களில் பட்டாசு ஆலைகள் பெருகின. படிக்கத் தெரியாதவரும் அடையாளம் சொல்லிக் கேட்டு வாங்க அணில், சேவல், மயில் என்று படங்கள் லேபிளில் ஏறின. அந்தப் படங்களுக்கு ஈடுகொடுக்க எழுத்தும் பருத்தது.

எழுத்தின் வடிவத்தைத் தீர்மானித்ததில் கல்லுக்குப் பெரும் பங்குண்டு. ஜெர்மனியில் 1790களில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த லித்தோ முறையில், சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய் மையால் வரைய வேண்டும். நேராகக் கல்லில் எழுதினால் எழுத்து இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்க வேண்டும். வண்ணத்துக்கு ஒரு கல். காகிதம் இம்மி நகர்ந்தாலும் மஞ்சள் ஒரு பக்கமும் சிவப்பு ஒரு பக்கமும் பிதுங்கும். கடைசியாக ஏறும் கனத்த கறுப்பு வரைகோடு அந்தப் பிசிறை மூடிவிடும். அழகுக்கென்று நாம் நினைக்கும் அந்தக் கோட்டுக்குள் அச்சுத் தொழிலாளியின் சாமர்த்தியம் இருக்கிறது. தமிழ் வடிவமைப்பு வரலாறு அதற்கு இன்னும் உரிய மதிப்பைத் தரவில்லை.

பக்கத்து ஊரான கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் காலண்டராகத் தொங்கின. படம் வரைந்தவரின் பெயராவது ஓரத்தில் நிற்கும். எழுத்து வரைந்தவருக்கு அந்த இடமும் கிடைப்பது அரிது.

பழைய லேபிளின் காலத்தைக் கணிக்க ஒரு வழி, 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம். ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகள் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் தும்பிக்கை போன்ற வளைவோடு இருந்தால் அது பெரும்பாலும் பழைய அச்சு. ஆனாலும் பழகிய கை உடனே மாறுவதில்லை என்பதால், இதை மட்டும் நம்பி ஆண்டு குறிக்கக்கூடாது.

ஆப்செட்டும் கணினியும் வந்தபின் கை எழுத்து ஒதுங்கியது. மும்பையின் ‘ஏக் டைப்’ குழு உருவாக்கிய, குழந்தைமை ததும்பும் தடித்த ‘பாலூ தம்பி’ எழுத்துருவை இன்று யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். சிவகாசி எழுத்துக்கும் அப்படியொரு எழுத்துரு வர வேண்டும். அதற்கு மூலம் பழைய லேபிள் ஆல்பங்கள்தான். அவற்றை வைத்திருக்கும் அச்சகத்தாரும் சேகரிப்பாளரும் எடைக்குப் போடாமல், முதலில் ஸ்கேன் செய்து வைக்க வேண்டும்.