ஊதிப் பார்க்க முடியாத தூக்கம்

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போறவங்களுக்கு பெருங்களத்தூரைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரம் தாண்டினா வண்டி நகராது. வண்டலூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரின்னு ஊர்ந்து, செங்கல்பட்டு தாண்டின பிறகுதான் ரோடு திறக்கும். அப்போ மணி பதினொண்ணு, பன்னெண்டு ஆகியிருக்கும். அந்த நேரத்துல ஸ்டியரிங் பிடிச்சிருக்கிற ஆளைப் பத்தின எபிசோடு இது. அவர் கண் ஒன்றைப் பார்ப்பதற்கும் கால் பிரேக்கை மிதிப்பதற்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு. அதுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு.

அது ரோட்டுல தொடங்கல. 1796-ல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் டேவிட் கின்னபுரூக் என்ற உதவியாளருக்கு வேலை போச்சு. தொலைநோக்கியில் இருக்கும் கம்பியை ஒரு விண்மீன் கடக்கும் நேரத்தை, அவருடைய மேலதிகாரி மாஸ்கலின் குறித்ததைவிட 0.8 நொடி தாமதமாகக் குறித்தார் என்பதுதான் குற்றம். பல ஆண்டுகள் கழித்து பெஸ்ஸல் என்ற ஜெர்மன் வானியலாளர் இதை ஆராய்ந்து, ஒவ்வொருத்தருக்கும் அவரவர் தாமதம் இருக்குன்னு காட்டினார். 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளையின் நரம்பில் செய்தி ஓட நேரம் எடுப்பதை அளந்தே காட்டினார். அதாவது, நாம எதையும் 'உடனே' செய்யறதில்ல.

ரோடு போடும் பொறியாளர்களுக்கு இந்தத் தாமதம் ஒரு கணக்கு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வடிவமைப்பு விதிகளில், டிரைவர் ஆபத்தைப் பார்த்து பிரேக் பிடிக்க 2.5 நொடி ஆகும் என்று எடுத்துக்கொள்வார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல அந்த 2.5 நொடியில வண்டி 55 மீட்டர் ஓடிடும். பிரேக் வேலை செய்யத் தொடங்குறதே அதுக்கப்புறம்தான். இன்னும் ஒரே ஒரு நொடி தாமதமானா கூடுதலா 22 மீட்டர், கிட்டத்தட்ட ரெண்டு பஸ் நீளம்.

அந்த ஒரு நொடி எங்கிருந்து வருது? களைப்பிலிருந்து. இது சட்டத்துக்கு ரொம்ப காலமாவே தெரியும். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், லாரி, பஸ் மாதிரி வண்டிகளில் வேலைக்கு அமர்த்தப்பட்ட டிரைவர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக்கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் வேலை என்றது. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அதை எட்டு மணி நேரமாகக் குறைத்தது. ஆனா அதுலயே ஒரு விலக்கு: தொலைதூர வழித்தடங்களிலும் பண்டிகை நாட்களிலும் பத்து மணி நேரம் வரை போகலாம்னு இருந்தது. பெருங்களத்தூர் திணறுற அதே நாட்கள்! ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்த நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. சொந்தக் காரை தானே ஓட்டுறவரோட மணிக்கணக்கை எழுதி வைக்க யாருமே இல்ல.

குடிக்கு நடந்தது வேற கதை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தா குற்றம். போலீஸ் கையில கருவி இருக்கு, 'ஊதுங்க'ன்னா ஊதணும். தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்குல, 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளுக்குத் தடை போட்டது. 2017-ல் ஆயிரக்கணக்கான டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. பிறகு தளர்வுகள் வந்தன. ஆனாலும் குடிச்சிட்டு ஓட்டுறது ஆபத்துங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.

தூக்கத்துக்கு அப்படி ஒரு கருவி இல்ல. அதை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் ஆஸ்திரேலியாவின் டாசனும் ரீடும். 1997-ல் 'நேச்சர்' இதழில் வந்த அவர்களின் ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குச் சரிகிறது என்றது. நம்ம ஊர் வரம்பு 0.03 சதவீதம்தான்.

இப்போ கணக்குப் போடுங்க. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து, ஓஎம்ஆர்ல ஆபீஸ் முடிச்சு, சாப்பிட்டு, ராத்திரி பதினொண்ணுக்கு தாம்பரத்தைத் தாண்டுற ஆளுக்கு 17 மணி நேரம் முடிஞ்சிருச்சு. திருச்சிக்கு இன்னும் 300 கிலோமீட்டர் இருக்கு. உடம்போட கடிகாரம் ரொம்ப மந்தமாகும் விடியற்காலை நேரம் இனிமேதான் வரப்போகுது. ஒரு சொட்டு குடிக்காத ஆள் இவர். எந்தச் சோதனைச் சாவடியிலும் பாஸ் ஆயிடுவார்.

ஏசியைக் கூட்டுறது, பாட்டுச் சத்தம், டீ இதெல்லாம் தூக்கத்துக்கு ஈடாகாது. கண் சொக்குதுன்னா வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்துல ஓரம்கட்டி இருபது நிமிஷமாவது தூங்கணும். இல்லன்னா காலையில கிளம்பணும். கால் டாக்சியில ஏறும்போதும், ஊருக்குப் போற நண்பனோட காரில் ஏறும்போதும், 'இன்னைக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க?'ன்னு கேளுங்க. இப்போதைக்கு நம்மகிட்ட இருக்கிற மீட்டர் அந்தக் கேள்வி ஒண்ணுதான்.